அக்காவின் அகராதி

என் அக்கா தமிழாசிரியை. ஆவூரைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் மாறி மாறி வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகும் எங்களோடு அதே வீட்டில்தான் இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "நோட்டுத் திருத்தவே நேரம் பத்தல, இதுல புருசன வேற திருத்தணுமா?" என்பாள். என் ஒரே மகளைத் தூக்கி வளர்த்தது பாதிக்கு மேல் அவள்தான். எனக்குக் குன்றாண்டார்கோவிலில் ஒன்றிய அலுவலகத்தில் வேலை. காலையில் பைக்கை எடுத்தால் வீடு திரும்ப இருட்டிவிடும். மகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தது, காய்ச்சலுக்குக் கஷாயம் போட்டது, கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டது எல்லாம் அவளுடைய அத்தை.

ஓய்வு பெற்ற கையோடு அக்கா ஒரு லேப்டாப் வாங்கினாள். சாயங்காலங்களில் பங்குக் கோயிலை ஒட்டிய கட்டடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அதற்கான பயிற்சித் தாள்களைத் தானே அடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆசை. விசைப்பலகையில் தமிழ் எழுத்துகள் இருக்கும் இடத்தைப் பழகச் சில மாதங்கள் ஆயின. அடிக்கத் தொடங்கிய முதல் வாரமே என்னைக் கூப்பிட்டாள்.

"டேய் தம்பி, இங்கிட்டு வா. என் எழுத்துக்குக் கீழ செவப்பா என்னமோ நெளியுது, என்ன இது?"

"அது ஸ்பெல் செக்குக்கா. தப்பா எழுதுன சொல்லுக்குக் கீழ கோடு போடும்."

"தப்பா? நானா?" கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். "பூசைன்னு எழுதிருக்கேன். இதுல என்னடா தப்பு?"

"அதோட அகராதில அந்தச் சொல் இல்ல போல."

"இல்லாட்டி அது படிக்கட்டும். நான் எத்தன வருசமா செவப்பு மையோட திரிஞ்சவ, எனக்கே செவப்புக் கோடா?"

சொல்லின் மேல் வைத்து மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் விழும் என்றும், அதில் 'அகராதியில் சேர்' என்று ஒன்று இருக்கிறது என்றும் காட்டிக்கொடுத்தேன். அதை அழுத்திவிட்டால் இயந்திரம் அந்தச் சொல்லைச் சரியென்று எடுத்துக்கொள்ளும், பிறகு கோடு போடாது. கோடு போடுவதையே மொத்தமாக நிறுத்தியும் வைக்கலாம், நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். கெடக்கட்டும். எது சரி, எது தப்புன்னு நானே அதுக்குச் சொல்லித்தாரேன்."

அதன் பிறகு அது அவளுக்கு ஒரு விளையாட்டாகிப் போனது. எங்கள் ஊர்ப் பேர், திருப்பலி, கருக்கல், கதிரடிப்பு, வந்துகொண்டிருந்தவர்களெல்லாம் மாதிரியான நீளச் சொற்கள் என்று ஒவ்வொன்றாக அகராதியில் சேர்ப்பாள். கோடு மறைந்ததும், வகுப்பில் ஒரு மக்குப் பிள்ளைக்கு விளங்கிவிட்ட மாதிரி, "ம், அப்படி வா வழிக்கு" என்பாள். சொல்லைச் சரிபார்ப்பாள், வலது பொத்தானை அழுத்துவாள், சேர்ப்பாள். யோசிக்காமல் கை செய்யும் வேலையாக அது ஆகிவிட்டது. பிள்ளைகள் பிழை திருத்துவதற்கென்று அவளே வேண்டுமென்றே தப்பாக எழுதிய தாளில் எல்லாச் சொல்லின் கீழும் கோடு விழுந்தபோது மட்டும் அதை மெச்சினாள். "இன்னைக்குத்தான்டா ஒழுங்கா வேலை பாத்துருக்கு."

பொங்கல் முடிந்த ஒரு காலை அவளுக்கு அது வந்தது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து சமையல்கட்டு வாசலில் நின்று என் மனைவியிடம், "எனக்குக் கொஞ்சம் சன்னல் குடு" என்றாள். மனைவி சிரித்துக்கொண்டே திரும்பினாள். "என்னண்ணி, சன்னலா?" அக்காவும் சிரிக்கப் பார்த்தாள். உதடு ஒரு பக்கமாக இறங்கியது. மறுபடியும் "சன்னல், சன்னல்" என்றாள். அவளுக்குக் காப்பி வேண்டும் என்பது மனைவிக்குப் புரிந்தபோது அக்காவின் வலது கை வாசல் நிலையைப் பிடிக்க முடியாமல் நழுவியது. நான் கிளம்புவதற்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸில் திருச்சிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு சொல்கூடத் தமிழ் இல்லை. வேறு எந்த மொழியும் இல்லை.

பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்தாள். நடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. வலது கை பாதிதான் வந்தது. சொற்கள் மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அவங்க புத்தியில ஒண்ணும் மாறல சார். நாம பேசுறது பெரும்பாலும் புரியுது. சொல்ல வேண்டியதும் உள்ள இருக்கு. அதுக்கான சொல்லுதான் கையில சிக்க மாட்டேங்குது. அவங்கள மக்குன்னு நெனைச்சு யாரும் பேசிராதீங்க. அதுதான் அவங்கள ரொம்ப வருத்தும்."

டீச்சர் என்று தெரிந்ததும், இடது கையால் லேப்டாப்பில் தினம் நாலு வரி அடித்துப் பழகட்டும் என்று அவரே யோசனை சொன்னார்.

முதல் நாள் அக்கா அடித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் என்பதில் ஆரம்பித்தாள். தன்னி, தணர்ணி, நண்தீர் என்று என்னென்னவோ விழுந்தன. ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு நெளிந்தது. பக்கம் முழுக்கச் சிவப்பு. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அமைப்புகளுக்குள் போய், தட்டச்சு செய்யும்போதே பிழை காட்டுவது என்று இருந்த இடத்தில் டிக்கை எடுத்துவிட்டேன். பக்கம் வெள்ளையானது.

மறுநாள் உட்கார்ந்து ஒரு வரி அடித்தாள். திரையைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இடது ஆள்காட்டி விரலால் மேசையில் நெளிநெளியாக வரைந்து காட்டினாள்.

"எங்க?" என்றாள். அந்தச் சொல் தெளிவாக வந்தது.

"ஒனக்குக் கஷ்டமா இருக்குமேன்னு எடுத்துட்டேன்க்கா."

அவள் முகம் சிவந்தது. வகுப்பில் அவள் கோபப்பட்டால் பக்கத்து வகுப்பும் அடங்கிப்போகும் என்பார்கள். அந்த முகத்தை நான் பார்த்தே பல வருடங்கள் இருக்கும். "போடு" என்றாள். நான் தயங்கினேன். "போடு! நான்... நான்... குருடா?" குருடா என்பதற்கு அவள் எவ்வளவு முட்டிமோதினாள் என்பதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோடு இல்லாவிட்டால் தான் எங்கே தவறுகிறோம் என்றே அவளுக்குத் தெரியாது. பரிதாபப்பட்டு நான் அவள் கண்ணைக் கட்டியிருக்கிறேன் என்பதைத்தான் சொன்னாள். மறுபேச்சுப் பேசாமல் டிக்கைத் திரும்பப் போட்டேன். பக்கம் மறுபடியும் சிவந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து முதல் சொல்லில் இருந்து ஆரம்பித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்கு வரன் அமைந்து, ஈஸ்டர் கழிந்து கல்யாணம் என்று முடிவானது. அவள் கோயம்புத்தூரில் வேலையில் இருந்தாள். அவள் கல்யாணத்துக்கு வாழ்த்து மடல் நான்தான் எழுதுவேன் என்று அக்கா வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள். மகள் போனில், "அத்தை, மடல் ரெடியா?" என்று கேட்டாள். அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். தலையாட்டுவது அந்தப் பக்கம் தெரியாது என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

மார்ச் மாதம் எங்கள் அலுவலகத்தில் மூச்சுவிட முடியாது. வருடக் கணக்கை முடிக்க வேண்டும். விடிந்தால் கிளம்பிவிடுவேன். வருவதற்குள் அக்கா சாப்பிட்டுப் படுத்திருப்பாள். மத்தியானம் மனைவி எட்டிப் பார்த்து, கோடுகளை எண்ணிப் போனில் சொல்வதுதான் எனக்குத் தகவல்.

"இன்னைக்குப் பாதிப் பக்கம்தாங்க செவப்பு. அண்ணி உக்காந்த எடத்தவிட்டு எந்திரிக்கவே இல்ல."

சில நாள் கழித்து, "கோடு ரொம்பக் கொறைஞ்சுருச்சுங்க. நாலஞ்சுதான் இருக்கு" என்றாள்.

அலுவலகத்தில் கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு நானே போன் செய்து சொன்னேன். அவரும் மிகவும் சந்தோஷப்பட்டார். "இவ்வளவு சீக்கிரமா? ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க சார்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அக்கா என் சட்டையைப் பிடித்து மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் தூரத்தில் இருந்தே பார்த்தேன். பக்கம் முழுக்க எழுத்து. ஒரு கோடு இல்லை. சமையல்கட்டில் இருந்த மனைவியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"கோடு... இல்ல" என்றாள் அக்கா. காயலாவில் விழுந்ததற்குப் பிறகு அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அன்றுதான் பார்த்தோம்.

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். முதல் சொல்லே சொல்லாக இல்லை. அடுத்ததும் அப்படித்தான். 'அண்பு மலேக்கு' என்று இருந்தது. 'திருணமம்' என்று இருந்தது. நடுவில் தப்பித் தவறி ஒரு 'வீடு', ஒரு 'நீ'. மற்றதெல்லாம் முதல் நாள் போலவேதான். கோடு மட்டும்தான் போயிருந்தது.

என்ன நடந்திருக்கும் என்பது உடனே புரிந்துவிட்டது. அகராதியைத் திறந்தேன். ஒரு காலத்தில் அவள் சேர்த்த நல்ல சொற்களுக்கு நடுவே, அகர வரிசையில், உடைந்த சொற்கள் பக்கம் பக்கமாக ஏறியிருந்தன. அவள் ஏமாற்றவில்லை. கோடு விழுந்த சொல்லில் வைத்து, வலது பொத்தானை அழுத்தி, அகராதியில் சேர்ப்பது அவள் கைக்குப் பழகிய வேலை. சொல்லை மறந்த பிறகும் கை அதை மறக்கவில்லை. கோடு மறைந்ததும், தான் அதைச் சரிசெய்துவிட்டதாகவே நம்பியிருக்கிறாள்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே யார் பாடம் படிக்கவில்லை என்று கண்டுபிடிக்கிறவள்.

"தப்பா?" என்றாள்.

என் மனைவி எனக்கு முந்திக்கொண்டு, "இல்லண்ணி, நல்லாத்தான் இருக்கு" என்றாள். அக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை. "தப்பா?" என்று மறுபடியும் என்னிடம் கேட்டாள்.

"ஆமாக்கா" என்றேன்.

அகராதியை அவளுக்குக் காட்டி, மெதுவாக, கையால் சைகை செய்து விளக்கினேன். புரிந்துகொண்டாள் என்பது அவள் தோள் இறங்கியதில் தெரிந்தது. மனைவி கொண்டுவந்து வைத்த தண்ணீரைக் குடித்தாள். பிறகு விரலைத் திரையில் ஒரு உடைந்த சொல்லின் மேல் வைத்து, "எடு" என்றாள்.

எடுத்தேன். விரல் அடுத்ததற்குப் போனது. "எடு."

மொத்தமாக அழித்துவிட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் அவள் தானே சேர்த்த நல்ல சொற்களும் அதில் இருந்தன. ஒவ்வொன்றையும் நான் சத்தமாக வாசிப்பேன். அவள் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இருக்கட்டும் என்றோ, எடு என்றோ சொல்வாள். காதால் கேட்கும்போது தப்பு அவளுக்குத் தெரிந்தது. பெரும்பாலும் சரியாகவே சொன்னாள். 'பூசை' வந்தபோது மட்டும் எடு என்றாள்.

"இது சரிதானேக்கா?"

பூசை, பூசை என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "இல்ல. எடு" என்றாள். தான் முதன்முதலாகச் சேர்த்த சொல்லை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் எடுத்துவிட்டேன். மறுநாள் காலை கோயில் மணி அடித்தபோது, முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என்னிடம் கம்பை ஊன்றிக்கொண்டு வேகமாக வந்தாள். மணி கேட்கிற திசையைக் காட்டி, "பூ... பூசை. வை, வை" என்றாள். வாய் கொப்பளிக்கக்கூட விடவில்லை. போய்ச் சேர்த்த பிறகுதான் என் கையை விட்டாள்.

கல்யாணத்துக்குள் மூன்றே மூன்று வரி என்று முடிவு செய்துகொண்டோம். பக்கம் மறுபடியும் சிவப்பாகிவிட்டது. அவள் சலிக்கவில்லை. வலது பொத்தானை அழுத்தக் கை போகும். உடனே சூடு பட்டது போல இழுத்துக்கொள்வாள். ஒரு சொல்லுக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. அப்படிச் சேர்த்துச் சேர்த்து ஒருநாள் மூன்று வரியையும் முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். உண்மையாகவே கோடு இல்லை. அகராதியையும் பார்த்தேன். அதில் புதிதாக ஒன்றும் ஏறவில்லை. கடைசி வரி மட்டும், 'புது வீட்டில் நீ பயப்பட வேண்டும். அத்தை இருக்கிறேன்' என்று இருந்தது.

வேண்டாம் என்று எழுத நினைத்திருக்கிறாள். வேண்டும் என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தான் என்பதால் இயந்திரம் வாயைத் திறக்கவில்லை. நான் சத்தமாக வாசித்தேன். கேட்டதும் அவள் தலையில் கை வைத்தாள். வேண்டாம் என்ற சொல்லை அவளால் கொண்டுவரவே முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல அவள் வாயில் வேண்டும் என்றே வந்தது, கையிலும் அதுதான் வந்தது. நான் அடிக்கிறேன் என்று கையை நீட்டியபோது தட்டிவிட்டாள். மறுநாள் அந்த வரியையே அழித்துவிட்டு, வேறு மாதிரி அடித்திருந்தாள். 'புது வீட்டில் பயம் எதற்கு? அத்தை இருக்கிறேன்.'

கல்யாணத்தன்று பங்கு மண்டபத்தில் வரவேற்பு. மகள் கல்யாணப் புடவையோடு மேடையை விட்டு இறங்கி வந்து அக்காவின் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்காவின் இடது கையில் காகிதம். "அன்பு மகளுக்கு" என்று வாசித்தாள். கணீரென்று வந்தது. அடுத்த வரியில் பாதி வந்தது. அதற்கு மேல் வரவில்லை. காகிதத்தில் சொல் இருக்கிறது, கண் அதைப் பார்க்கிறது, வாய் திறந்திருக்கிறது. மண்டபத்தில் சாப்பாட்டுப் பந்தியின் சத்தம்கூட நின்றுவிட்டது. முன்வரிசையில் அவளிடம் படித்தவர்கள் பலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். மகள் எடுத்துக்கொடுக்கவில்லை. மைக்கை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனாள், அவ்வளவுதான். அக்கா மூச்சை இழுத்துவிட்டு, கடைசியில் காகிதத்தை என் பக்கம் நீட்டினாள்.

"நீ வாசி."

வாசித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். மகள் அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். போட்டோ எடுக்கிறவர் அதைப் படமெடுத்தார். அந்தப் படத்தில் அக்கா சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் கால் கழுவக் குழாயடிக்குப் போனவள் திரும்பவில்லை. நான் போய்ப் பார்த்தேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "டீச்சர்" என்றாள். தன்னையே ஏளனம் செய்வது மாதிரி இன்னொரு தடவை, "தமிழ் டீச்சர்" என்றாள். இரண்டு சொல்லும் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தன. குழாயை மூடிவிட்டு அவளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்தேன்.

அதற்குப் பிறகு அவள் அந்த மேசைக்குப் போகவில்லை. "ரெண்டு வரி அடிக்கிறியாக்கா?" என்று கேட்டால், "போதும்" என்பாள். மகள் வாரம் ஒருமுறை போனில் கூப்பிட்டுத் தன் வீட்டைப் பற்றிச் சொல்வாள். அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள். திருச்சியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண்ணிடம் கூட்டிப்போகிறேன் என்றால் தலையை ஆட்டி மறுப்பாள். வருந்திக் கூப்பிட மனம் இல்லாமல் நானும் விட்டுவிட்டேன். ஆகஸ்டில், மாதாவின் திருநாள் கழிந்த வாரம், மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை வந்திருக்கிறது என்றார் டாக்டர். மகளும் மருமகனும் வந்துசேர்ந்த பிறகு கோயில் கல்லறையில் அடக்கம் செய்தோம்.

கல்லறைக்குக் கல் வைக்கக் கீரனூரில் ஒருவரிடம் சொல்லியிருந்தேன். பெயர், பிறப்பு, இறப்பு, கீழே 'தமிழாசிரியை' என்று எழுதிக்கொடுத்தேன். அவர் கல்லின் மேல் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துவிட்டு வரச் சொன்னார். நானும் மனைவியும் போனோம்.

"ஒருவாட்டி நல்லாப் பாத்துக்கங்க சார். வெட்டிட்டா அப்புறம் மாத்த முடியாது" என்றார்.

மனைவி குனிந்து, ஒவ்வொரு எழுத்தின் கீழும் விரலை வைத்து, உதட்டை அசைத்து வாசித்துக்கொண்டே போனாள். ழகரம் வந்த இடத்தில் நின்று என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தவள் அழுதுகொண்டிருந்தாள்.

"தப்பு ஒண்ணும் இல்லங்க" என்றாள்.

"வெட்டிருங்க" என்று அவரிடம் சொன்னேன்.

அவர் உளியை எடுத்தார். மழை வருகிற மாதிரி இருந்தது. நாங்கள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தோம்.